சிவகாமி ஏன் வர மறுத்தாள்?

அன்புள்ள ஐயா,

உங்கள் குறுநாவலை ஒரே மூச்சில் படித்தேன். கோமதியும் மூர்த்தியும் பிரிந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அவன் அவளைத் தேடி ஊருக்கே வந்துவிட்டான். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சேர்ந்திருப்பார்களே! வாழ்க்கையில்தான் நினைத்தது நடப்பதில்லை, கதையிலாவது சேர்த்து வைக்கக் கூடாதா? சோகமாக முடித்தால்தான் இலக்கியம் என்று ஒத்துக்கொள்வார்களா? தயவுசெய்து இரண்டாம் பாகம் எழுதுங்கள்.

ர., திருச்சி

அன்புள்ள ர.,

சோகமாக முடித்தால்தான் இலக்கியம் என்று யாரும் சட்டம் போடவில்லை. கல்கியின் 'பார்த்திபன் கனவு' நாவலில் விக்கிரமனும் குந்தவியும் சேர்கிறார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம்.

ஆனால் 'ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே எனக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மாட்டாள் என்பதுதான் கோமதி. அண்ணன் எதிரில் அவளை யாரென்றே தெரியாதவன்போல மூர்த்தி நின்றானே, அதைப் படித்தீர்களா, தாண்டிப் போய்விட்டீர்களா? அவன் பஸ் ஏறி வந்தது மட்டும் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. தேடி வந்த ஆணுக்கு நாம் எல்லோரும் உடனே இரங்கிவிடுகிறோம்.

'சிவகாமியின் சபதம்' நாவலை இப்போது மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்தபோது மனதில் ஓடிக்கொண்டிருந்ததும் இதேதான். கல்கி அதை 1944 முதல் 1946 வரை தொடராக எழுதினார். சிவகாமிக்கு அவர் அநியாயம் செய்துவிட்டார் என்று சொல்பவர்களை இன்றும் பார்க்கிறேன். பல்லவர்கள் 642-ல் சாளுக்கியர் தலைநகரான வாதாபியைப் பிடித்தது சரித்திரம். நடனப் பெண் சிவகாமி கல்கியின் கற்பனை. அவளை, அவள் காதலித்த பல்லவ இளவரசர் மாமல்லருக்குக் கட்டி வைத்திருந்தால் எந்தக் கல்வெட்டும் குறுக்கே வந்திருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை. ஏன்?

சாளுக்கியர்கள் அவளை வாதாபிக்குச் சிறைபிடித்துப் போகிறார்கள். மாமல்லர் மாறுவேடத்தில் அங்கேயே வந்து அவளைக் கூப்பிடுகிறார். அவள் வர மறுக்கிறாள். இந்த நகரத்தை எரித்துவிட்டுத்தான் என்னை அழைத்துப்போக வேண்டும் என்று சபதம் செய்கிறாள். சிறைபிடித்த தமிழர்களைச் சாட்டையால் அடித்த தெருக்களில், அவர்களை அடியிலிருந்து காப்பாற்றுவதற்காக ஆடியவள் அவள். அதைப் பார்த்தவளால் காதலன் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா திரும்பிவிட முடியாது. பிரிவு அங்கேயே முடிவாகிவிட்டது. சபதம் நிறைவேறிக் காஞ்சிக்குத் திரும்பிய பிறகு, மாமல்லருக்குப் பாண்டிய இளவரசியோடு கல்யாணமாகிக் குழந்தைகளும் இருப்பது அவளுக்குத் தெரிகிறது. எல்லோரும் அங்கே அழுகிறார்கள். அழ வேண்டிய இடம் முன்பே வந்து போய்விட்டது. கடைசியில் அவள் ஏகாம்பரநாதரைக் கணவனாக வரித்து, அப்பரின் 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்' பாட்டுக்கு ஆடுகிறாள். மாமல்லரோடு சேர்த்து வைத்திருந்தால், சபதத்தை வெறும் வீம்பாக்கி அவளை அவமானப்படுத்தியதாக ஆகியிருக்கும்.

எங்கள் வீட்டில் அந்தத் தொடரைக் கிழித்துத் தைத்து பைண்டு செய்து வைத்திருந்தார்கள். மதியத்தில் பெரியம்மா சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார்கள். சிவகாமி மறுக்கும் இடம் வந்தால் சண்டை நிச்சயம். "கூப்பிட வந்தவனைத் திருப்பி அனுப்பிட்டாளே, என்ன திமிர்!" என்பாள் பெரியம்மா. சித்தி தலை நிமிராமல், "அவ பட்டது அவளுக்குத்தான் தெரியும்" என்பாள். அந்தச் சித்தி புருஷன் வீட்டிலிருந்து வந்து எங்களோடு இருந்தவள். சித்தப்பா ஒருமுறை கூப்பிட வந்து, திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார். அதைப் பற்றி வீட்டில் யாரும் அவளிடம் நேராக ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் பெரியம்மா சிவகாமியைத் திட்டிக் கேட்டாள். சித்தியும் சிவகாமியின் பக்கம் பேசித்தான் பதில் சொன்னாள். வளர்ந்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது. கதையிலாவது சேரட்டும் என்கிறீர்கள். சேர்ந்திருந்தால் என் சித்திக்குப் பேச ஓர் இடம் கிடைத்திருக்குமா, சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் நான் உங்கள் பக்கம். கதையை எப்படி முடிப்பதென்று தெரியாமல் கடைசி அத்தியாயத்தில் லாரியை ஏற்றியோ புற்றுநோய் கொடுத்தோ கதாநாயகியைக் கொல்பவர்கள் மீது நீங்கள் எவ்வளவு கோபப்பட்டாலும் தகும். அது வாசகரிடமிருந்து கண்ணீரைப் பிடுங்கும் வேலை. அந்தப் பெண்ணுக்குத் தன் முடிவில் பங்கே இல்லை.

அப்புறம், இரண்டாம் பாகம். எழுத மாட்டேன். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1861-ல் ஒரு நண்பர் சொன்னார் என்பதற்காக 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் முடிவை மாற்றினார். கதாநாயகன் பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் சந்தித்துப் பிரியும் பழைய முடிவுதான் எனக்கு உண்மையாகப் படுகிறது. 'பொன்னியின் செல்வன்' 1954-ல் முடிந்தபோது, அப்புறம் யார் யார் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பிரியமாகப் பதில் சொன்னார். ஆனால் வந்தியத்தேவன் மடியில் உயிர் விட்ட மணிமேகலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நானும் அந்த அளவுக்குச் சொல்கிறேன். கோமதி தையல் கடையை விடவில்லை. இப்போது இரண்டு பெண்கள் அவளிடம் வேலை கற்றுக்கொள்கிறார்கள். மூர்த்தி என்ன ஆனான் என்று அவள் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. அந்த அண்ணன் வரும் அத்தியாயத்தை இன்னொரு முறை படித்துவிட்டு எழுதுங்கள். கட்டாயம் பதில் போடுகிறேன்.

அன்புடன்.