பதில்: வேளச்சேரி மாடியில் பச்சை பிடித்த காளான் பைகள்

வணக்கம். வைக்கோல் அடைத்து வளர்த்த சிப்பிக் காளான் பைகளில் பாதி பச்சையாகிவிட்டது, அப்பாவின் சர்க்கரைக்குக் காளான் மருந்தாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பச்சை, டிரைக்கோடெர்மா என்னும் பூசணம். பையைப் பிரிக்காமல் அப்படியே அப்புறப்படுத்துங்கள். பிரித்தால் பச்சைத் தூள் அறை முழுக்கப் பறக்கும். வைக்கோலை ஊறவைத்ததாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வேகவைத்தீர்களா? சந்தேகம் அங்கேதான். ஊறிய வைக்கோலை ஒரு மணி நேரம் வேகவைத்து, சுத்தமான விரிப்பில் ஆறவிடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், நீர் சொட்டக்கூடாது.

எப்படியும் மே மாதச் சென்னையில் சிப்பிக் காளான் வளர்ப்பது வீண் பிடிவாதம். பால் காளானுக்கு மாறுங்கள்; 30 முதல் 35 டிகிரி வெப்பம் அதற்குப் பிடிக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 என்ற பால் காளான் ரகத்தின் வித்து கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். காளானின் வெள்ளை இழைகளான வெண்பூசணம் வைக்கோலில் பரவியதும் பையைக் குறுக்கே வெட்டி, அவித்து ஆறிய மண்ணை மேலே பரப்ப வேண்டும். கூடுதல் வேலை அது ஒன்றுதான்.

அப்பாவுக்குக் காளான் நல்ல கறி, மாவுச்சத்து குறைவு. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் ரெய்ஷி என்னும் மருந்துக் காளானின் பொடி பக்கமே போக வேண்டாம்.

அறுவடை முடிந்த வைக்கோலை மட்கவைத்துச் செடித் தொட்டிகளுக்குப் போடலாம்.