அப்பாவோட இங்கிலீஷ்

கேள்வி: ஆர்ட் ஸ்பீகல்மேனோட 'மவுஸ்' கிராஃபிக் நாவலை இங்கிலீஷ்ல படிச்சேன் சார். யூதர்களை எலியா, நாஜிகளை பூனையா வரைஞ்சது சூப்பர். ஆனா கதை சொல்ற அப்பா பேசுறது முழுக்க தப்பு இங்கிலீஷ். 1992-ல புலிட்சர் ஸ்பெஷல் விருது வாங்கின புக்காச்சே, எடிட்டர் திருத்தியிருக்க வேணாமா?

பதில்: நானா இருந்தா ஒரு கமாவைக்கூட தொட்டிருக்க மாட்டேன் சார். நீங்க எலியையும் பூனையையும் பார்த்தீங்க, பலூனை, அதாவது பாத்திரங்க பேசுறதை எழுதியிருக்குற குமிழை, சரியா பார்க்கல. நியூயார்க்ல மகன் ஸ்பீகல்மேன்கிட்ட உக்காந்து பேசுற கிழவர் விளாடெக்குக்கு வார்த்தை முன்னபின்னதான் வரும், படத்துக்கு மேல கட்டத்துல ஓடுற அவர் குரலும் அதே மாதிரிதான், ஆனா கதை போலந்துக்குப் போனதும் அதே ஆளு பலூன்ல தடங்கலே இல்லாம பேசுறாரு, ஏன்னா அங்க அவர் பேசுறது அவருக்குப் பழகின பாஷை. ஒரே பேனல்ல மேல தட்டுத்தடுமாறுற கிழவர், கீழ சரளமா பேசுற வாலிபன். நீங்க சொல்ற மாதிரி திருத்தினா அந்த ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவாங்க.

அதுவுமில்லாம அவர் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாம்ல தாக்குப்பிடிச்சதுக்கு அந்த அரைகுறை இங்கிலீஷும் ஒரு காரணம். நேசநாடுகள் ஜெயிச்சா உதவும்னு ஒரு கபோ, அதாவது கைதிகளை மேய்க்கிற கைதி, இங்கிலீஷ் கத்துக்க ஆள் தேடுறான், விளாடெக் வாத்தியாராகுறாரு. வயிறார சோறு, அளவான உடுப்பு கிடைக்குது. இடுப்புல நிக்காத பேன்ட்டை கையால புடிச்சுக்கிட்டே திரியுற நண்பன் மாண்டெல்பாமுக்கு ஒரு ஸ்பூன், ஒரு பெல்ட், ஒரு ஜோடி ஷூ வாங்கித் தர்றாரு. அந்த இங்கிலீஷுக்கா சார் சிவப்பு மை?

நம்ம ஆபீசுக்கு வர்ற சரித்திர ஸ்கிரிப்ட்ல பாதிக்கு மேல கல்வெட்டு படிக்கிற தொனிதான், குதிரைக்காரன்கூட செந்தமிழ்ல கொட்டாவி விடுவான் (கோவிச்சுக்காதீங்க, நானும் அப்படி எழுதினவன்தான்). ஸ்பீகல்மேன் அந்தப் பக்கமே போகல. ரெண்டாம் பாகத்துல ஒரு இடம் பாருங்க, கைதிங்க வேலைக்கு அணிவகுத்துப் போறாங்க, கேட் பக்கத்துல வாத்தியக்குழு வாசிக்குது. மகன் அதைப் பத்திக் கேட்டா அப்பா அப்படி எதுவும் ஞாபகம் இல்லைங்குறாரு, மகனோ அதுக்கு ஆவணமே இருக்குங்குறான். யாரு சரின்னு நடுவுல பூந்து தீர்ப்பு சொல்ல ஒரு கேப்ஷன் கிடையாது. அடுத்த படத்துல நடந்து போற கூட்டம் வாத்தியக்காரங்களை மறைச்சிடுது, தலைக்கு மேல கருவிங்களோட நுனி மட்டும் லேசா தெரியும். மறுபடி எடுத்துப் பாருங்க.