நேற்றைய விலை எங்கே போனது? பைத்தான் கோப்புகள் கேள்வி பதில்

கேள்வி (பாலக்கோடு): அக்கா, மண்டியில் தக்காளிப் பெட்டி விலையைத் தினமும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் குறித்துவைக்க ஸ்கிரிப்ட் எழுதினேன். திறந்து பார்த்தால் இன்றைய விலை மட்டும்தான் இருக்கிறது. நேற்றையது எங்கே?

பதில்: அழிந்துவிட்டது தம்பி. அழித்தது உங்கள் ஸ்கிரிப்ட்தான். ஓப்பன் கட்டளையில் கோப்பின் பெயரை அடுத்து 'டபிள்யூ' கொடுத்திருப்பீர்கள். இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுது என்று அதற்குப் பொருள். துடைப்பது ரைட் கட்டளை வரும்போது அல்ல, கோப்பைத் திறக்கும்போதே. அடுத்த வரியில் பிழை வந்து ஸ்கிரிப்ட் நின்றாலும் பழைய கணக்கு போனது போனதுதான். உங்களுக்கு வேண்டியது 'ஏ'. அது கோப்பின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும். கோப்பு இல்லையென்றால் தானே உருவாக்கும்.

மாற்றியதும் அடுத்த சிக்கல் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். பிரிண்ட் தானாக அடுத்த வரிக்குப் போகும், ரைட் போகாது. '05-06 320' என்ற வரியோடு மறுநாள் கணக்கும் ஒட்டிக்கொண்டு '05-06 32006-06 290' என்று நிற்கும். பெட்டி முப்பத்திரண்டாயிரத்து ஆறு ரூபாய்! ஒவ்வொரு வரியின் முடிவிலும் பின்சாய்கோட்டையும் 'என்' எழுத்தையும் சேருங்கள்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): மா ரகங்களின் பட்டியலைத் தமிழில் வைத்திருக்கிறேன். முதல் வரி 'மல்கோவா'. கல்லூரியின் லினக்ஸ் கணினியில் நன்றாகப் படிக்கிறது. வீட்டு விண்டோஸில், 8-வது இடத்தில் உள்ள '0எக்ஸ்8டி' பைட்டைப் படிக்க முடியவில்லை என்று பிழை வருகிறது.

பதில்: பிழைச் செய்தியை முழுதாக எழுதி அனுப்பினீர்களே, அதற்கே நன்றி. குற்றவாளி 'ல்' மேல் உள்ள புள்ளி. உங்கள் கோப்பு யுடிஎஃப்-8 என்ற குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் ஒரு முறையில், இருக்கிறது. அதில் ம, ல, புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பூஜ்யத்தில் இருந்து எண்ணினால் புள்ளியின் கடைசி பைட் 8-வது இடத்தில் விழும், அதுதான் 8டி (முன்னால் உள்ள '0எக்ஸ்' இது பதினாறடிமான எண் என்பதற்கான அடையாளம்). நம் ஊர் விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலும் பைத்தான் 1252 என்ற பழைய ஐரோப்பியக் குறியேற்றத்தைக் கொண்டே கோப்பைத் திறக்கிறது. அதில் 8டி-க்கு எழுத்தே கிடையாது, அதனால் நின்றுவிடுகிறது. கோப்பில் 'மா' மட்டும் இருந்திருந்தால் பிழைகூட வராது. தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'-யும் வட்டத்துக்குள் 'ஆர்'-உமாகக் குப்பை வந்திருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் ஆபத்து.

ஓப்பனில் என்கோடிங் என்ற இடத்தில் 'யுடிஎஃப்-8' என்று எழுதிவிடுங்கள், எழுதும்போதும் படிக்கும்போதும். பைத்தான் 3.15 முதல் இதுவே இயல்பு. அதுவரை எந்தக் கணினியில் ஓடுமோ தெரியாத ஸ்கிரிப்டில் இதை விடவே கூடாது.

கேள்வி (ஓசூர்): பைத்தானில் எழுதிய தமிழ் சிஎஸ்வி கோப்பை எக்செல் குப்பையாகக் காட்டுகிறதே?

பதில்: எழுதும்போது என்கோடிங் இடத்தில் 'யுடிஎஃப்-8-சிக்' கொடுங்கள். கோப்பின் தலையில் ஓர் அடையாளம் சேரும், எக்செல் புரிந்துகொள்ளும்.

கேள்வி (பென்னாகரம்): சி டிரைவில் உள்ள யூசர்ஸ் ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தால், ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும் முன்பே பிழை வருகிறது.

பதில்: பின்சாய்கோட்டுக்கு அடுத்துப் பெரிய 'யு' வந்தால், யுனிகோட் எண் வரப்போகிறது என்று பைத்தான் நினைத்துக்கொள்ளும். மேற்கோள் குறிக்கு முன்னால் 'ஆர்' போடுங்கள், அல்லது பாதையில் பின்சாய்கோட்டுக்குப் பதில் முன்சாய்கோடு போட்டாலே போதும். விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி (தருமபுரி): அம்மா, பட்டுக்கூடு அங்காடியில் கிடைத்த கிலோ விலைகளை வரிக்கு ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். கூட்டச் சொன்னால் 450480 என்கிறது.

பதில்: ஐயா, கோப்பில் இருந்து வருவதெல்லாம் எழுத்துதான், எண் அல்ல. 450-ஐயும் 480-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ஃபார் கட்டளையால் வரிவரியாகப் படித்து, ஒவ்வொன்றையும் இன்ட் கொண்டு எண்ணாக்கிய பிறகு கூட்டுங்கள். வரி முடிவுக் குறியை இன்ட் பொருட்படுத்தாது. ஆனால் கோப்பின் கடைசியில் வெற்று வரி இருந்தால் பிழை வரும். ஸ்ட்ரிப் கொண்டு வரியின் இரு ஓரத்து வெற்றிடங்களை நீக்கி, மிச்சம் ஒன்றும் இல்லையென்றால் அந்த வரியைத் தாண்டச் சொல்லுங்கள்.