சும்மா சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிள்ளை இவ்வளவு பயப்படுமா?

நாலு வயது மகன் சாப்பிட அடம்பிடித்தால் மாமியார் "பூச்சாண்டி பிடிச்சிட்டுப் போயிருவான்" என்கிறார், இப்போது இருட்டில் பாத்ரூம் போகவே அழுகிறான், சும்மா சொன்னதற்கா இவ்வளவு பயம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், அதற்குத்தான். என் வீட்டில் அப்படிச் சொன்னது மாமியார் இல்லை, நான்.

நாங்கள் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அந்தக் காலையைப் பற்றி இங்கே நிறைய எழுத என்னால் முடியாது. அலைக்குப் பயந்து ஓடியவர்களில் எத்தனையோ பேரை, கரையோரமாக ஓடும் ஏவிஎம் கால்வாய் வாங்கிக்கொண்டது. என் சித்தியும் அதில் போனாள்.

மகள் பிறந்தது 2016இல். சுனாமி அவளுக்குத் தெரியவே தெரியாது. மூன்று வயதில் சாப்பிடாமல் ஓடுவாள். "கடல் ஏறி வருது பாரு" என்பேன். உடனே வாயைத் திறப்பாள். எனக்கு அடுத்த வேலை கிடக்கும், அதனால் தினமும் சொன்னேன்.

படுக்கப் போகும் முன் ஒரு பழைய துண்டை நீளமாகச் சுருட்டி, வாசல் கதவுக்கு அடியில் விரலால் குத்திக் குத்தி அடைப்பது அவள் வழக்கம். பூரான் வராமல் இருக்கத்தான் என்று நானும் விட்டுவிட்டேன். ஆறு வயதில் ஒரு நாள் அந்தத் துண்டைத் துவைத்துப் போட்டிருந்தேன், ராத்திரி அது காயவில்லை. அப்படி ஒரு அழுகை. "எதுக்கு மக்ளே அது?" என்று கேட்டேன். "அடைச்சா கடல் உள்ள வராதுல்லா" என்றாள்.

அவள் அப்பாவின் வள்ளம் கரையேறும்போது மற்றப் பிள்ளைகள் ஓடும், இவள் போக மாட்டாள். சாளை மீன் வாசம் பிடிக்கவில்லை போல என்று அவர் தனக்குள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

உளவியல் படிக்கும் என் அக்கா மகள்தான் விளக்கினாள். நேரில் பட்டும் பயம் வரும், அடுத்தவர் பயப்படுவதைப் பார்த்தும் வரும், வெறுமனே சொல்லக் கேட்டும் வரும் என்று ஸ்டான்லி ராக்மன் 1977இலேயே எழுதிவிட்டாராம். ஆண்டி ஃபீல்ட் என்பவர் இங்கிலாந்துப் பிள்ளைகளிடம், அவர்கள் கேள்விப்பட்டே இராத ஆஸ்திரேலிய விலங்குகளில் ஒன்றைப் பற்றிக் கெட்டதாகவும் இன்னொன்றைப் பற்றி நல்லதாகவும் சொல்லிவிட்டு, அவை இருப்பதாகச் சொன்ன பெட்டிகளுக்குள் கைவிடச் சொன்னார். கெட்டது என்று கேட்ட பெட்டியில் கைவிடப் பிள்ளைகள் அதிக நேரம் தயங்கின. காதால் கேட்டது மட்டும்தான், அந்த விலங்குகளை நேரில் பார்த்ததே இல்லை.

கடற்கரைப் பிள்ளைக்குப் பயம் வேண்டாமா என்று சிலர் கிளம்புவீர்கள். தெரியும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் போனதை நாங்களும் பார்த்தோம். ஆனால் நான் சொன்ன வார்த்தையில் கடலைப் பற்றி ஒன்றுமே இல்லை, சோற்றைப் பற்றித்தான் இருந்தது. கடலைச் சொல்லிக் கொடுத்தது அவள் பாட்டா, அதாவது தாத்தா. தினம் சாயங்காலம் கைபிடித்துக் கூட்டிப்போய் உட்கார்ந்து சொன்னார்: காற்றே இல்லாமல் எழும்பினால் அது கள்ளக்கடல், எங்கேயோ தெற்கே அடித்த புயலின் அலை, அன்றைக்குக் கடலில் கால் நனைக்காதே. கடல் திடீரென்று உள்வாங்கினால் மீன் பொறுக்க நிற்காதே, மேட்டுக்கு ஓடு. இதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் துண்டை விட்டாள், ஏழெட்டு மாதம் ஆனது.

அவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த மணலும் இப்போது இல்லை. கரையை அலை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு எத்தனை மனு கொடுத்திருப்போம். வந்து அளந்து போனதோடு சரி. கரையை அலை தின்றுகொண்டே இருக்கிறது, அடுத்த பிள்ளைகளை எங்கே உட்கார வைத்துச் சொல்வது?

உங்கள் மாமியாரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கும் யாரோ சொன்னதுதான். பையனை மடியில் வைத்து, பாத்ரூமில் என்ன இருக்கிறது என்று அவனையே சொல்லவிட்டுக் கேளுங்கள். நான் கேட்பதற்கு மூன்று வருஷம் ஆகிவிட்டது.