கிளனாட்: எந்த இடத்தில் அழுதீர்கள்?

அன்புள்ள அண்ணா,

செமஸ்டர் விடுமுறையில் கிளனாட் என்ற ஜப்பானிய அனிமே தொடரின் இரண்டு சீசனையும் பார்த்து முடித்தேன். முதல் சீசன் சாதாரணப் பள்ளிக்கூடக் கதை, கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் சோகம் என்றுதான் போனது. இரண்டாவது சீசனான ஆஃப்டர் ஸ்டோரி ஆளையே சாய்த்துவிட்டது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு அழுதேன்.

அதை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியதுதான் வினை. "அழ வைப்பதற்கென்றே அளவெடுத்துச் செய்த கதைடா இது. நோய், பனி, குழந்தை, பியானோ. இதற்கு அழாவிட்டால்தான் ஆச்சரியம்" என்றான் ஒருவன். எட்டு எபிசோடுக்கு மேல் தாங்கவில்லை, ஒன்றுமே நடக்கவில்லை என்றான் இன்னொருவன். முழுசாகப் பார்த்த ஒருவனோ, கடைசி எபிசோடில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார்கள், அப்புறம் அந்தச் சாவுக்கு என்ன மரியாதை, நம்மை முட்டாளாக்கிவிட்டார்கள் என்று கோபப்பட்டான்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் அழுதது உண்மை, ஆனால் அழுதேன் என்பதாலேயே அது நல்ல படைப்பு ஆகிவிடுமா? ஏமாந்துதான் அழுதேனா? பிளஸ் ஒன் படிக்கும் என் தங்கை இதைப் பார்க்க வேண்டும் என்கிறாள். பார்க்கச் சொல்லலாமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

கதை முழுவதையும் போட்டு உடைத்துத்தான் பதில் எழுத முடியும். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், தங்கையிடமும் இதைக் காட்டிவிடாதீர்கள்.

உங்கள் நண்பர்கள் சொன்ன மூன்றும் புதிதல்ல. ஆஃப்டர் ஸ்டோரி 2009 மார்ச்சில் முடிந்தது, அன்றிலிருந்து இதே மூன்றைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், கிளனாட் என்றால் வாழ்க்கை என்று ஜப்பானிய இணையத்தில் ஒரு வாக்கியம் பாதி நையாண்டியாகவும் பாதி நிஜமாகவும் சுற்றியது, ரசிகர்கள் அதை வேதவாக்காகவே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த இரண்டு கட்சியிலும் சேர முடியவில்லை. அழுகை நல்ல படைப்புக்கு அத்தாட்சி இல்லை, வெங்காயத்துக்கும்தான் கண்ணீர் வருகிறது. அதற்காக, அழ வைத்ததாலேயே அது மட்டமான படைப்பு என்பதும் சோம்பேறித்தனமான விமர்சனம். நீங்கள் எந்த இடத்தில் அழுதீர்கள் என்று எழுதவில்லை. எனக்கு அதுதான் தெரியவேண்டும், ஏனென்றால் இந்தத் தொடரில் நேர்மையான கண்ணீரும் இருக்கிறது, கையை முறுக்கி வாங்கிய கண்ணீரும் இருக்கிறது.

அளவெடுத்துச் செய்தது என்று சொன்ன நண்பரிடமிருந்து தொடங்குவோம். அவர் சொல்வதில் வரலாற்று நியாயம் உண்டு. மூலம் கீ நிறுவனம் 2004இல் வெளியிட்ட விஷுவல் நாவல், அதாவது படமும் எழுத்துமாகக் கதை சொல்லும் விளையாட்டு, எழுதியவர்களில் முக்கியமானவர் ஜுன் மயேடா. கிளனாடைத் தொடராக எடுத்த கியோட்டோ அனிமேஷன்தான் அதே கீ நிறுவனத்தின் ஏர், கனோன் இரண்டையும் 2005லும் 2006லும் எடுத்தது, மூன்றுக்கும் இயக்குநர் தட்சுயா இஷிஹாரா. நோயாளிப் பெண், பனி, அற்புதம் எல்லாம் கனோனிலேயே வந்துவிட்டன. இந்த அச்சு தெரிந்த பார்வையாளருக்கு, கதாநாயகி நாகிசா முதல் சீசனின் முதல் எபிசோடில் மேட்டுப்பாதையில் நின்று தனக்குத்தானே பேசிக்கொள்ளும்போதே, உடம்பு சரியில்லாமல் ஒரு வருஷம் வீணாகி மறுபடி அதே வகுப்பில் படிக்கிறாள் என்று தெரியும்போதே, இவள் பிழைக்கமாட்டாள் என்று தோன்றிவிடும். சரி, தோன்றட்டும். முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் மட்டும் ஒரு சாவு பொய்யாகிவிடாதே.

எனக்கு ஆஃப்டர் ஸ்டோரியின் 16ஆம் எபிசோடில், அதாவது நாகிசா மகள் உஷியோவைப் பெற்றுவிட்டு இறக்கும் எபிசோடில், கண் கலங்கியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. வீட்டிலேயே பிரசவம், மருத்துவச்சி மட்டும், வெளியே வழி அடைக்கும் பனி. எல்லாம் ஒழுங்காகத்தான் கட்டப்பட்டிருக்கிறது, ஆனால் கட்டியிருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே மட்டும் அழுதிருந்தால் நண்பர் சொன்னதை முக்கால்வாசி ஒப்புக்கொள்ளலாம்.

18ஆம் எபிசோடு வேறு ஜாதி. அதைப் பற்றித்தான் உங்களோடு பேச ஆசை.

கதாநாயகனும் நாகிசாவின் கணவனுமான டொமோயாவுக்கும் அவன் அப்பா நவோயுகிக்கும் என்ன பிரச்சினை என்று நினைவிருக்கிறதா? சின்ன வயதில் அம்மா விபத்தில் போய்விட்டார். அப்பா குடியில் விழுந்தார். ஒரு சண்டையில் பையனின் தோள் சுவரில் மோதி, வலது கையை மேலே தூக்க முடியாமல் போய், கூடைப்பந்து அதோடு முடிந்தது. அதன்பிறகு அந்த மனிதர் சொந்த மகனோடு பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேச ஆரம்பிக்கிறார். அடித்தாலாவது அப்பா என்று இருக்கும், அந்த மரியாதையைத்தான் டொமோயாவால் தாங்க முடியவில்லை. பள்ளி முடித்து யோஷினோ என்பவரோடு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போய், தோள் வலியோடு தெருவிளக்குக் கம்பத்தில் ஏறித் தொழில் கற்று, ஒரு நல்ல வேலை கைக்கு எட்டும் நேரத்தில் அப்பா கைதாகிறார், அந்த வேலையும் கைநழுவுகிறது. ஆக, ஏறக்குறைய 40 எபிசோடு நாமும் டொமோயாவின் பக்கம் நின்று அந்த ஆளை வெறுக்கிறோம். வெறுப்பதற்கு வேண்டிய எல்லா நியாயமும் தரப்பட்டிருக்கிறது.

அப்புறம் நாகிசா இறக்கிறாள். டொமோயா என்ன செய்கிறான்? பெற்ற பிள்ளையை மாமனார் மாமியாரிடம் விட்டுவிட்டு ஐந்து வருஷம் வேலை, குடி, சூதாட்டம் என்று காலத்தைத் தள்ளுகிறான். மாமியார் சனாயே தந்திரமாக அவனையும் மகளையும் தனியாக ஒரு பயணம் அனுப்பிவைக்கிறார். போன இடத்தில், பூக்கள் நிறைந்த ஒரு வெளியின் ஓரத்தில், டொமோயாவின் பாட்டி ஷினோ வந்து நவோயுகியின் கதையைச் சொல்கிறார். இளம் வயதில் மனைவியை இழந்தவன், கையில் குழந்தை, இந்தப் பிள்ளையை நானே வளர்ப்பேன் என்று கிளம்பிப் போனவன், வேலையில் தடுமாறி, கையிலிருந்ததையெல்லாம் மகனுக்கே செலவழித்து, வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றையும் கோட்டைவிட்டவன். பாட்டி அவரை நியாயப்படுத்தவில்லை, மோசமான தகப்பனாகவும் இருந்திருப்பான் என்று ஒப்புக்கொண்டே சொல்கிறார். டொமோயாவுக்கு அப்போது உறைக்கிறது. தான் காலமெல்லாம் கேவலமாக நினைத்த அப்பா, இதே நிலைமையில் பிள்ளையின் கையை விடவில்லை. ஆனால் அவன் விட்டுவிட்டான்.

இதைச் சொல்ல இத்தனை எபிசோடு தேவைப்பட்டது. வெறுப்பை நமக்குள் மெதுவாக ஊற்றி வளர்த்து, ஒரே உரையாடலில் அதை நம் பக்கமே திருப்பிவிடுகிறார்கள். இதை அளவெடுத்த அழுகை என்று ஒதுக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பொம்மை. அப்பா வாங்கித் தந்த ரோபோ பொம்மையை உஷியோ பூக்களுக்குள் தொலைத்துவிடுகிறாள், வேறு வாங்கித் தருகிறேன் என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள், ஏனென்றால் அப்பா அவளுக்காகத் தேர்ந்து வாங்கிய ஒரே பொருள் அதுதான். அழலாம் என்று சனாயே அவளுக்கு இரண்டு இடத்தைத்தான் சொல்லியிருக்கிறார், ஒன்று கழிவறை, இன்னொன்று அப்பாவின் மார்பு. இந்த ஐந்து வயதுக்காரி இதுவரை எங்கே அழுதிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள், வசனம் எதுவும் அதைச் சொல்லவில்லை. (ஷின்சான் பார்த்து வளர்ந்தவர் என்றால் ஒரு துணுக்கு: உஷியோவுக்குக் குரல் கொடுத்த சத்தோமி கோரோகிதான் அதன் ஜப்பானிய மூலத்தில் குட்டித் தங்கை ஹிமாவாரி.) பிறகு திரும்பி வரும் ரயிலில் அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொல்லி மகள் கேட்க, சொல்ல ஆரம்பித்து டொமோயா உடைந்துபோகிறான். இங்கே யாரும் சாகவில்லை என்பதைக் கவனியுங்கள். சாவே இல்லாத எபிசோடில்தான் இந்தத் தொடர் ஆளை அடிக்கிறது.

அடுத்த எபிசோடில் டொமோயா மகளையும் கூட்டிக்கொண்டு அப்பாவிடம் போய், ஊருக்குத் திரும்பிப் போங்கள், பாட்டி காத்திருக்கிறார் என்கிறான். என் வேலை முடிந்துவிட்டதா என்பதுபோல் அந்த மனிதர் கேட்கிறார். எனக்குக் கேட்டால், கதை அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் நிறுத்தவில்லையே. 21ஆம் எபிசோடில் உஷியோவுக்கும் அம்மாவின் அதே காய்ச்சல், மறுபடி பனி, பயணம் போகவேண்டும் என்று அடம்பிடித்த குழந்தை நடுவழியில் தகப்பன் கையில் சாகிறாள். உங்கள் நண்பர் சொன்ன குற்றம் இங்கே நூற்றுக்கு நூறு பொருந்தும். இப்போதுதான் தகப்பனாக நிற்கக் கற்றுக்கொண்டவனிடமிருந்து பிள்ளையையும் பிடுங்குவதால் அவனைப் பற்றி நமக்குப் புதிதாக என்ன தெரிகிறது? எதுவும் இல்லை. கடைசி எபிசோடின் அற்புதத்துக்கு ஒரு பாதாளம் தேவைப்பட்டது, அதற்காகத் தோண்டினார்கள். ரசிகர்களில் பலருக்கு இதுதான் உச்சம், தெரியும். அவர்களோடு இந்த விஷயத்தில் எனக்கு ஒத்துப்போகாது.

முடிவைப் பற்றிக் கோபப்பட்ட நண்பருக்கு வருகிறேன். ஆச்சரியமாக, இங்கே நான் தொடரின் பக்கம். மூலமான விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்தின் கதையையும் விளையாடி முடித்தால் ஓர் ஒளிக்கோளம் கிடைக்கும், அவற்றைச் சேர்த்தவருக்குத்தான் நாகிசாவும் உஷியோவும் பிழைக்கும் அந்தக் கடைசி அற்புதம். பல மணிநேரம் உட்கார்ந்து ஊர்க்காரர்களின் கதையை முடித்துவைத்தவருக்கு அது சம்பாதித்த முடிவு. அனிமேயில் அந்த உழைப்பு நம்முடையதில்லை, ஒளி அங்கங்கே மின்னிவிட்டுப் போகிறது, இடையிடையே வேறோர் உலகத்தில் வரும் சிறுமியும் இரும்புக் குப்பையில் செய்த பொம்மையும் உஷியோவும் டொமோயாவும்தான் என்பது அவசர அவசரமாகச் சொல்லப்படுகிறது. அதனால் பாதிப் பேருக்குக் குழப்பம், மீதிப் பேருக்குக் கோபம். விளக்கம் சொதப்பல்தான், மறுக்கவில்லை.

ஆனால் 22ஆம் எபிசோடின் தொடக்கத்தை மறுபடி பாருங்கள். காலம் பின்னோக்கிப் போய், இருவரும் முதலில் சந்தித்த அந்த மேட்டுப்பாதையில் டொமோயா நிற்கிறான். நாகிசா அவனைக் கடந்து போகிறாள். பேசாமல் இருந்துவிட்டால் அவளுக்குக் கல்யாணமும் இல்லை, பிரசவமும் இல்லை, சாவும் இல்லை. சந்திக்காமலே இருந்திருக்கலாம் என்று முன்பு நினைத்தவன்தான் அவன். இப்போது என்ன வரும் என்று முழுசாகத் தெரிந்தே கூப்பிடுகிறான், ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். அவள் பிழைக்கப்போகிறாள் என்று அந்த நொடியில் அவனுக்குத் தெரியாது. முடிவெடுத்த பிறகுதான் பரிசு வருகிறது. எனவே சாவுக்கு மரியாதை இல்லாமல் போய்விட்டது என்ற வாதம் எனக்குச் சரியாகப்படவில்லை.

எட்டு எபிசோடில் ஓடியவரிடம் சண்டை போடாதீர்கள். முதல் சீசனில் ஃபூக்கோ என்ற பெண் மரத்தில் நட்சத்திர மீன் செதுக்கி, அக்கா கல்யாணத்துக்கு வாருங்கள் என்று ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டு திரிகிறாளே, அந்தப் பகுதி முடிவதே ஒன்பதாவது எபிசோடில். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமலே திரும்பிவிட்டார். ஆனாலும் அவர் சலிப்பில் அர்த்தம் இருக்கிறது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு துயரம், ஒவ்வொன்றையும் டொமோயா தீர்த்துவைக்கிறான் என்ற அமைப்பு விளையாட்டிலிருந்து அப்படியே வந்தது, தொலைக்காட்சியில் அது நொண்டத்தான் செய்கிறது. முகத்தில் பாதி கண்ணாக வரைந்திருப்பதும் எல்லோருக்கும் பிடிக்காது.

கடைசியாகத் தங்கை. தாராளமாகப் பார்க்கட்டும். பிரசவச் சாவும் குழந்தைச் சாவும் வருகிறது என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அது ஸ்பாய்லர் இல்லை, அக்கறை. முதல் சீசனைத் தாண்டிக் குதிக்க வேண்டாம், அதன் இறுதியில் நாகிசா மேடையில் நின்று அழும்போது அவள் அப்பா அகியோ அரங்கிலிருந்து போடும் சத்தம் இல்லாமல் ஆஃப்டர் ஸ்டோரியின் பெற்றோர் புரியமாட்டார்கள். ஆஃப்டர் ஸ்டோரியின் முதல் எட்டு எபிசோடுகளைத் தாவிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்க வேண்டாம், விடுதிக் காப்பாளர் மிசாயேயின் பூனைக் கதை அங்கேதான் இருக்கிறது. ஒசாமு தெசாகி இயக்கி, தோயே நிறுவனம் எடுத்த கிளனாட் திரைப்படம் ஒன்றும் உண்டு, 2007 செப்டம்பரில், தொடர் வருவதற்குச் சற்று முன்பு வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடும், அதை முதலில் பார்க்கவே கூடாது. நாகிசாவுக்குப் பதிலாகப் பள்ளித் தோழிகள் டொமோயோவையோ கியோவையோ டொமோயா காதலித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு தனி எபிசோடுகள் இருக்கின்றன, அவற்றைக் கதை முடிந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள், நடுவில் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.