பூமழை தவறிய ஆண்டில் ஸ்தோத்திரம்

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் உள்ளது. கோடையில் காப்பிச் செடிகள் பூப்பதற்கு வேண்டிய பூமழை தவறியதால் காய்ப்பு குறைந்து, கடன் கூடிவிட்டது. “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம்” என்று வேதம் சொல்வதை மனம் ஒப்பி எவ்வாறு செய்வது?
– வாசகி, ஏற்காடு

பதில்: சகோதரி, அந்த வசனத்தை (1 தெசலோனிக்கேயர் 5:18) எழுதிய பவுல் அடிகளும் சிறையையும் பசியையும் அறிந்தவரே. நன்றி சொல்வதற்கு முன் துக்கத்தை மறைத்தாக வேண்டும் என்ற எண்ணம் நம் சபைகளில் எப்படியோ வேரூன்றிவிட்டது, ஆனால், ஆறே வசனங்கள் கொண்ட 13ஆம் சங்கீதம், “எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று கர்த்தரிடமே முறையிட்டுத் தொடங்கி, அவர் செய்த நன்மைக்காகப் பாடுவதில் முடிகிறது. ஆகவே, இரவு ஜெபத்தில் முதலில் முறையிடுங்கள். அதன்பின், பொதுப்படையாக அல்லாமல், அன்றைய நன்மை ஒன்றை மட்டும், சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக்கொடி தப்பியதையோ, பழம் பறிக்க வந்தவர் கூலிக்குப் பொறுத்துக்கொண்டதையோ, குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அப்படிப் பொறுத்தவரிடம் மறுநாள் நேரிலும் நன்றி கூறுங்கள். அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை சிறுத்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. வங்கியில் தவணை நீட்டிப்புக் கேட்பதை மட்டும், ஜெபித்துக்கொண்டிருக்கிறோம் என்று தள்ளிப்போடாதீர்கள்.