ப்ளோயர் ஓடுகிறது, காற்று எங்கே? காரைக்குடிப் பட்டறையிலிருந்து கேள்வி பதில்

காரைக்குடியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பலகாரக் கடை, கல்யாணச் சமையல், பழைய வீட்டு ஹோம்ஸ்டே என்று இந்தப் பக்கம் விறகு அடுப்பு இன்னும் போகவில்லை. ஊதுகுழல் இருந்த இடத்துக்கு ப்ளோயர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். புதிதாக வாங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். "ப்ளோயர் போச்சு" என்று பட்டறைக்கு வரும் புது ப்ளோயர்களில் மோட்டார் நிஜமாகவே போனது குறைவு. காற்றுக்கு வழி இருக்காது, இல்லையென்றால் அடுப்புச் சூடு திரும்பி வந்திருக்கும், அதுவும் இல்லையென்றால் கரண்ட் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்காது. எதைத் தொடுவதற்கு முன்னும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கோட்டையூர், பலகாரக் கடை: தேன்குழல், அதிரசம் போட அரை எச்பி மூன்று பேஸ் ப்ளோயர் புதிதாக மாட்டினோம். மோட்டார் நன்றாக ஓடுகிறது. ஆனால் அடுப்பில் காற்று பற்றவில்லை, விறகு புகைந்துகொண்டே இருக்கிறது.

மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள் அண்ணே. "தலைகீழாகச் சுற்றினால் காற்றை இழுக்குமே, எங்களுக்கு வெளியேதானே வருகிறது" என்று கேட்பீர்கள். மேசை ஃபேனுக்கு அது சரி. உருண்டை ஹவுசிங் (வெளிக் கூடு) உள்ள ப்ளோயரில் இம்பெல்லர், அதாவது உள்ளே இருக்கும் இலைச் சக்கரம், எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்று வெளிவாய் வழியாகத்தான் வரும், அளவுதான் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் பலருக்கு இது பிடிபடுவதே இல்லை. ஹவுசிங் மேல் அம்புக்குறி போட்டிருக்கும். மோட்டாரை அணைத்து, அது நிற்கப்போகும் நேரத்தில் பின்பக்க விசிறி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மாறி இருந்தால் மூன்று பேஸ் ஒயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் தீர்ந்தது. ஒரு பேஸ் வராமல் போனாலும் பலம் குறையும், ஆனால் அப்போது மோட்டார் உறுமும், சீக்கிரம் சுட ஆரம்பிக்கும்.

திசை சரியாக இருந்தால் அடுத்தது பைப். ப்ளோயர் வாய் மூன்று அங்குலம் இருக்கும், அதில் ஒன்றரை அங்குல பைப்பைச் சொருகி இரண்டு மூன்று எல்போ போட்டு வளைத்துக் கொண்டுபோவார்கள். காற்று வழியிலேயே செத்துவிடும். பைப்பை அடுப்புப் பக்கம் கழற்றிக் கையை நீட்டிப் பாருங்கள். அங்கே வேகமாக வருகிறது, அடுப்பில் மட்டும் வரவில்லை என்றால், தணல் தாங்கும் தட்டின் துளைகளைச் சாம்பல் அடைத்திருக்கிறது. இன்னொன்று: ப்ளோயரின் உறிஞ்சு வாய் மாவு பிசையும் இடத்தைப் பார்த்து இருக்கக் கூடாது. மாவுத் தூசியும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து இம்பெல்லர் இலைகளில் அப்பிக்கொண்டால் புது ப்ளோயர்கூட வெகு சீக்கிரம் கிழடாகிவிடும்.

கானாடுகாத்தான், ஹோம்ஸ்டே நடத்தும் ஆச்சி: சின்ன ஃபேன் வைத்த புகையில்லா அடுப்பு வாங்கினேன். போட்டதும் சுற்றுகிறது, உடனே நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. கடையில் ஃபேனை மாற்றித் தந்தார்கள், அதுவும் அப்படியே.

ஃபேனில் குற்றம் இல்லை ஆச்சி, அடாப்டரைப் பாருங்கள். ஃபேன் ஸ்டிக்கரில் 12 வோல்ட், இத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியர் அதைவிடக் கொஞ்சமாவது அதிகம் இருக்க வேண்டும். வீட்டில் கிடந்த பழைய மோடம் அடாப்டர் முள் பொருந்துகிறதே என்று மாட்டினால், ஃபேன் கிளம்பும்போது கேட்கும் கரண்டை அதனால் கொடுக்க முடியாது, தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திக்கொள்ளும். பிளஸ் மைனஸ் மாறினால் இந்த வகை ஃபேன் சுற்றவே சுற்றாது, சிலது போயே போய்விடும்.

காரைக்குடி, கொடைக்கானலில் வீடு உள்ளவர்: கொடைக்கானல் வீட்டில் குளிருக்குப் புதிதாக விறகு ஃபயர்பிளேஸ் வைத்தோம். இரும்புப் பெட்டி, கண்ணாடிக் கதவு, அடியில் ப்ளோயர். நெருப்பு நன்றாக எரிகிறது, ப்ளோயர் மட்டும் ஓடவே இல்லை. வைத்துக்கொடுத்தவர் "மோட்டார் ஃபால்ட்" என்கிறார்.

அவசரப்பட்டு மோட்டாரை மாற்றாதீர்கள். உங்கள் ப்ளோயரும் பலகாரக் கடை ப்ளோயரும் ஒன்றல்ல. அங்கே காற்று நெருப்புக்குள் போகிறது. உங்கள் பெட்டியில் காற்று நெருப்பைத் தொடுவதே இல்லை. இரும்புப் பெட்டிக்கும் வெளி உறைக்கும் நடுவே உள்ள சந்தில் அறைக் காற்றை ஓட்டி, சூடாக்கி, திரும்ப அறைக்கே அனுப்புவதுதான் அதன் வேலை. பெட்டி சூடாகும் முன்பே ஓடினால் குளிர்ந்த காற்றைத்தான் முகத்தில் அடிக்கும். அதனால் ஒயரில் ஒரு வெப்ப ஸ்விட்ச் வைத்திருப்பார்கள், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டத் தகடு. பெரும்பாலானவை 43 டிகிரி செல்சியஸ் வாக்கில் சேர்ந்து கரண்டை விடும், 32 வாக்கில் பிரிந்து நிறுத்தும். விறகு பற்றிய பிறகு அந்த இடம் அவ்வளவு சூடேற அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். முதலில் பொறுத்துப் பாருங்கள்.

ஒரு மணி நேரம் ஆகியும் ஓடவில்லை என்றால் சந்தேகம் அந்தத் தகட்டின் மேல்தான். அது பெட்டியின் இரும்பை ஒட்டி உட்கார வேண்டும். பலதில் காந்தத்தால் ஒட்டியிருக்கும். ப்ளோயரை உள்ளே தள்ளும்போது தட்டிக் கீழே விழுந்தோ, ஒயரில் தொங்கிக்கொண்டோ இருந்தால் அது ஆயுசுக்கும் சூடாகாது. புதிதாக வைத்த இடங்களில் அடிக்கடி நடக்கிற விஷயம் இது. நெருப்பு முழுக்க ஆறிய பிறகு, பிளக்கைக் கழற்றி, முன் மூடியைத் திறந்து பாருங்கள்.

சரியாக ஒட்டியிருந்தால் சோதனை செய்யலாம். தகட்டின் இரண்டு ஒயரையும் கழற்றி, மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து இரண்டு முனையையும் தொடுங்கள். குளிர்ந்திருக்கும்போது சத்தம் வரக் கூடாது. முடி உலர்த்தும் டிரையரை அதன் மேல் பிடித்தால் சற்று நேரத்தில் 'டிக்' என்று கேட்டு, மீட்டரும் கத்த வேண்டும். கத்தவில்லை என்றால் தகடு போய்விட்டது, மோட்டாரோடு ஒப்பிட்டால் விலை ஒன்றுமே இல்லை. கத்தினால், வேகம் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பாருங்கள். பல குமிழ்களில் அணைந்த நிலையைத் தாண்டியதும் வருவதுதான் உச்ச வேகம், மேலும் திருகத் திருகக் குறையும். நம் வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் பழக்கத்தில் கடைசி வரை திருகினால், மோட்டார் கிளம்பவே பலம் இல்லாத இடத்தில் போய் நிற்கும். ஆட்டோ, மேனுவல் என்று தனி ஸ்விட்ச் இருந்தால் மேனுவலில் போட்டுப் பாருங்கள், சில மாடல்களில் அது வெப்ப ஸ்விட்சைத் தாண்டி நேராகக் கரண்ட் கொடுக்கும். இத்தனையும் சரி, மோட்டார் முனையில் 230 வோல்ட் வந்தும் அசையவில்லை என்றால் அப்போது சொல்லட்டும், மோட்டார் ஃபால்ட் என்று.

அதே நண்பர், சில நாள் கழித்து: தகடுதான் கழன்று கிடந்தது. இப்போது ஓடுகிறது. ஆனால் ராத்திரி நெருப்பு அணைந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறது, அப்புறம் நின்று நின்று ஓடுகிறது.

அது கோளாறு இல்லை. பெட்டியில் சூடு இருக்கும்வரை அது ஓடத்தான் வேண்டும். ஆறும் நேரத்தில் ப்ளோயர் நின்றதும் தகடு மறுபடி கொஞ்சம் சூடேறும், மறுபடி சேரும். நல்ல நெருப்பு எரியும்போதே இப்படி விட்டு விட்டு ஓடினால் வேகத்தைக் குறைத்து வையுங்கள்.

கண்டனூர்: மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு ஃபயர்பிளேஸ் ப்ளோயர் கொண்டுவந்தான். பிளக் முனையை மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 230 வோல்ட்டில் கொடுத்தால் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) சில நிமிடத்தில் கருகிவிடும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் வோல்ட் இறங்குமே தவிர 50 ஹெர்ட்ஸ் மாறாது. வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், காயிலும் கூடுதலாகச் சுடும். மகன் மனம் நோகாமல் எடுத்து வைத்துவிட்டு, இங்கே 230 வோல்ட்டில் ஒன்று வாங்குங்கள்.

தேவகோட்டை, கல்யாணச் சமையல்: ஸ்விட்ச் போட்டால் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, சுற்றவில்லை. குச்சியால் தள்ளிவிட்டால் ஓடுகிறது. முகூர்த்தம் நெருங்குகிறது அண்ணே.

கண்டென்சர் தம்பி. மோட்டார் பக்கத்தில் ஒயர் போகும் சின்ன டப்பா. அதில் எழுதியிருக்கும் எம்எஃப்டி, வோல்ட் இரண்டையும் பார்த்து அதே அளவில் வாங்கிப் போடுங்கள், "கொஞ்சம் பெரிசாப் போடலாம்" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். கழற்றும் முன் இரண்டு முனையையும் காப்பு உள்ள ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்துத் தொட்டு விடுங்கள், இல்லையென்றால் மிச்சக் கரண்ட் கையில் அடிக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு இம்பெல்லரைக் கையால் சுற்றும்போது இறுக்கமாக இருந்தால் மட்டும் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) பிடித்திருக்கிறது என்று அர்த்தம். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். சூட்டில் பிசினாகி அதுவே பிடித்துக்கொள்ளும், அப்படி வரும் மோட்டார்கள் என் பட்டறையில் ஒரு மூலை நிறையக் கிடக்கின்றன.

பள்ளத்தூர்: ப்ளோயர் போட்டதும் வீட்டு ஆர்சிசிபி டிரிப் ஆகிறது. எலக்ட்ரீஷியன் எர்த் ஒயரை வெட்டிவிட்டார், இப்போது டிரிப் ஆகவில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லையா என்றா கேட்கிறீர்கள்? அந்த ப்ளோயரை உடனே கழற்றி ஓரமாக வையுங்கள். 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் கசிந்தால் அறுத்துவிடுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. அது சொன்னது உண்மை. எர்த்தை வெட்டியதால் கசிவு நிற்கவில்லை, போக வழியில்லாமல் இரும்பு உடம்பில் காத்திருக்கிறது. அடுப்படியில் ஈரக் கையோடு, ஈரத் தரையில் நிற்கிற ஒருவர் தொட்டால் அவர் வழியாகத்தான் போகும். புது மோட்டாரில் இது பெரும்பாலும் ஈரம் இறங்கியதாக இருக்கும், அல்லது கவரில் ஒயர் நசுங்கியிருக்கும். பட்டறையில் 500 வோல்ட் மெக்கர் (கசிவு பார்க்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஈரம்தான் என்றால் காயவைத்து வார்னிஷ் போட்டால் போதும். எர்த்தைத் திரும்பச் சேர்க்காமல் எந்த வேலையும் முடிந்ததாகாது.

புதுவயல்: கரண்ட் போனபோது ப்ளோயர் நின்றுவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் பிளாஸ்டிக் இம்பெல்லர் உருகிக் கிடக்கிறது. வாரண்டி கிடைக்குமா?

கிடைப்பது சந்தேகம். ப்ளோயர் ஓடும்வரை அதன் காற்றே அதைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். நின்றதும் தணலின் அனல் பைப் வழியாகத் திரும்பி வரும். ப்ளோயருக்கு ஆபத்து ஓடும்போது இல்லை, நிற்கும்போதுதான். சமையல் முடிந்ததும் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களுக்கும் இதே கதி. ப்ளோயரை அடுப்பிலிருந்து தள்ளி, முடிந்தால் அடுப்பு மட்டத்துக்குக் கீழே வையுங்கள். நடுவில் ஜிஐ பைப், பிவிசி வேண்டாம். பைப்பில் ஒரு தகட்டு மூடி வைத்தால் காற்று நின்றதும் அடைத்துவிடலாம். மூடி இல்லாதவர்கள் பைப்பையே கழற்றிவிடுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும், மற்றதில் மோட்டார் உறுமிச் சுடும்.

காரைக்குடி, செக்காலை: சாம்பல் பறந்து எண்ணெய்ச் சட்டியில் விழுகிறது. விறகும் சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

காற்று அதிகம். நெருப்பு சட்டியின் அடியில் தங்க வேண்டும், பக்கவாட்டில் எகிறினால் சூடு சட்டிக்குப் போகாமல் கூரைக்குப் போகிறது. பற்ற வைக்கும்போது மட்டும் முழு வேகம், சீமைக்கருவேலம் தணலாகிவிட்டால் கால்வாசி போதும். பச்சை விறகுக்குக் காற்றைக் கூட்டிப் பயனில்லை, காயவைத்துப் போடுங்கள். முந்திரித் தோடு மலிவாகக் கிடைக்கிறதே என்று போடாதீர்கள். அதன் எண்ணெய் தோலை அரிக்கும், புகையும் காரமானது, பலகாரத்துக்கு ஆகாது.

கொத்தமங்கலம்: பழைய வீட்டின் மூன்றாம் கட்டில் (பின்பகுதியில்) அடுப்பு. புகை வளவு (நடு முற்றப் பகுதி) வரை வருகிறது. ப்ளோயரைப் பெரிதாக மாற்றினால் சரியாகுமா?

ஆகாது, மோசமாகும். உள்ளே தள்ளும் காற்று முழுக்க எங்கேயாவது வெளியேற வேண்டும். புகைபோக்கி வாய் சின்னதாகவோ கரி படிந்தோ இருந்தால், அதிகமாகத் தள்ளிய காற்று அடுப்புவாய் வழியாகப் புகையோடு வீட்டுக்குள் வரும். ப்ளோயரை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் காகிதத்தைக் கொளுத்திப் பாருங்கள். அப்போதும் புகை மேலே ஏறவில்லை என்றால் குறை புகைபோக்கியில்தான். அதைச் சுத்தம் செய்து, கூரை முகட்டைவிட உயரமாக ஏற்றி, மழை மூடிக்கு அடியில் தாராளமாக இடைவெளி விடுங்கள். அதுவரை கதவைச் சாத்திக்கொண்டு சமைக்க வேண்டாம். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தலைவலியும் மயக்கமும் வந்த பிறகுதான் தெரியும். புகைபோக்கி சரியான பிறகு, இப்போது இருக்கும் ப்ளோயரே அநேகமாகப் போதும்.